மலையில் அடித்த சோளகம்

காற்றைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்க முடியாது என்று நாற்பது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போதும் அது பாதிக்கு மேல் உண்மைதான். கற்பிட்டிப் பக்கம் கருவாடு போடுகிறவர்களில் என்னைப் போலக் காற்றை மூக்கால் பிடித்துச் சொல்கிறவன் கிடையாது. விடிய எழும்பி, கருவாடு காயவைக்கிற என் வாடியின் வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் போதும். இன்றைக்கு நெத்தலியைத் தட்டில் பரப்பலாமா, அள்ளி உள்ளே போட வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். வானொலியில் சொல்கிறவர்கள் பிழை விட்டிருக்கிறார்கள். நான் விட்டதில்லை.

படித்தது ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு வள்ளத்தில் வந்து இறங்கினேன். பிறத்தியாரின் வாடியில் மீன் கிழித்தேன். பிறகு சொந்த வாடி, பிறகு லொறி, பிறகு இன்னொரு லொறி. ஒருவரும் கை தூக்கி விடவில்லை. இதைக்கூட நான்தான் எழுதுகிறேன், மகள் எழுத்துப் பிழை மட்டும் பார்க்கிறாள். என் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இங்கே எழுதப் போகிற மடத்தனத்தை ஒன்றும் தெரியாத ஆள் செய்திருக்கவே மாட்டான். அதற்கு என்னளவு காற்றுத் தெரிந்த ஆள் வேண்டும்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். மே மாதக் கடைசி. சோளகம் எழும்பிவிட்டது. சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. எங்கள் கரையில் அது மழை இல்லாத காற்று. மேற்குக் கடல் கொந்தளித்துப் போட்டுகள் எல்லாம் கரையேறிவிடும். தொழிலாளர்களில் பாதிப் பேர் முல்லைத்தீவு, திருகோணமலை என்று கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு களப்புத் தண்ணீரில் பறப்பார்கள். புத்தளத்து உப்பளங்களில் உப்புப் பூக்கும். கடலில் நனைந்தவன் ஈரச் சாரத்தோடு கரையேறினால், வாடிக்கு வந்து சேர்வதற்குள் சாரம் உடம்பிலேயே காய்ந்து மொரமொரவென்று நிற்கும். உடுப்பு மாற்றுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. நனைந்தால் காற்றுக்கு நில், காயும். நான் வேலைக்கு எடுத்த ஒவ்வொருவனுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தொழில் குறைந்த அந்த மாதங்களில் இருப்பில் உள்ள கருவாட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு நானும் மச்சானும் இரத்தினபுரிக்குப் போவோம். மச்சான் என் மனைவியின் தம்பி. அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தான். காய்ந்த சாவாளை மீன் மாதிரி ஒடிசலான உடம்பு, நீளமான கைகால். மன்னாரிலிருந்து வந்த வள்ளத்தில் என் மனைவியின் ஒரு கையில் எங்கள் பிள்ளை, மறு கையால், வளர்ந்த ஆளாக இருந்தும், அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள். ராத்தா என்று அவளைக் கூப்பிட, அவள் பிறந்த வீட்டில் மிஞ்சியது அவன் ஒருவன்தான். இருபது வருடமாக என் வாடியை அவன்தான் பார்த்தான். அந்த முறை புறப்படும்போது மனைவி லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தம்பிக்கி நெஞ்சுச் சளி இப்பத்தான் கொஞ்சம் சுகம். பனியில நிக்க உட்டுறாதீங்க. கேக்குதா உங்களுக்கு?"

"இரத்தினபுரியில என்ன பனி? வேர்த்துக் கொட்டும்" என்றேன்.

இரத்தினபுரியில் என் கருவாட்டை எடுக்கிறவர் ஒரு சிங்கள முதலாளி. பதினைந்து வருடப் பழக்கம். வாயில் வெற்றிலையும் பகிடியும் எப்போதும் இருக்கும். நாங்கள் பேசுவது சிங்களத்தில்தான், அதைத் தமிழில் எழுதுகிறேன். அன்றைக்கு மூட்டை இறக்கிவிட்டு அவருடைய மாடியில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கடக்கரை ஆளுக்கு பதினெட்டுப் படி கூட ஏலாது. அந்தா பாருங்க, ஜன்னல்ல. எத்தின வருஷமா வாறீங்க, ஒருநாள் ஏறிப் பாத்தீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் மலை. கூம்பு மாதிரி, ஒரு மேகமும் இல்லாமல் நீலமாக நின்றது. நாங்கள் பாவாதமலை என்போம். ஆதம் நபி இறங்கிய மலை என்பது எங்கள் ஆட்களின் பேச்சு. சிங்கள ஆட்களுக்குப் புத்தருடைய பாதம், தமிழ் ஆட்களுக்குச் சிவனுடைய பாதம். அதில் எனக்கு ஒருவரோடும் சண்டையில்லை.

"ஏறினா என்ன, கீழ தள்ளிப் போடுமா?" என்றேன்.

மாடியில் நின்ற கடை ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன், "கருவாட்டு முதலாளி பாதி வழியில நாறிப்போவார்" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கிக் காலையில ஏறுறன். பொழுது பட முந்தி இதே கதிரையில வந்து இரிப்பன்" என்றேன்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. "இப்ப ஏலாது. சீசன் முடிஞ்சிட்டு. வழியில கடை ஒண்டும் இல்ல, ஆள் இல்ல. மழை தொடங்கிற நேரம்."

"மழையா? சோளகம் எழும்பிட்டுதே. இனி என்ன மழை?"

"அந்தக் காத்துலதான் இங்க மழை வரும்."

நான் மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தேன். காற்றைப் பற்றி எனக்கே சொல்கிறார். அவனும் சிரித்தான். ஆனால் அவன் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தான். "போனா நல்லம்தான் மச்சான்" என்றான் மெல்ல. அவனுக்கு அந்த இடத்துக்குப் போய் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று மனதில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிய முதலாளி இரண்டு சோற்றுப் பார்சலும் இரண்டு குளிர் ஜேகெட்டும் தந்து, தன் திரீவீல் ஆட்டோவிலேயே எங்களை மலையடிவாரத்தில் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். பார்சலில் மீன் இல்லை. மலைக்குப் போகிறவர்கள் மீன் கொண்டுபோவதில்லையாம். அந்தக் கடைசி வீடு அவருடைய சொந்தக்காரருடையது. அந்த வீட்டு அம்மா பிளேன்டீ தந்துவிட்டு, மலையில் சொல்லக் கூடாதவற்றைச் சொன்னார். களைத்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் வழி நீளும்.

"இன்னொண்டையும் சேத்துக்கோ. குளிருது எண்டும் செல்லப்படாது" என்று நான் மச்சானிடம் சொன்னேன்.

"சரி மச்சான்" என்று சிரித்தான்.

அந்த வீட்டு முற்றத்திலேயே எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. நான் என் ஜேகெட்டைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். மச்சான் தன்னுடையதைப் போட்டபடி நின்றான்.

"இதென்னத்துக்குச் சுமக்கிற?"

"தந்தவர் தெரிஞ்சுதானே தந்திருப்பார். கிடக்கட்டுமே."

"டேய், நீ கடல்ல நிண்டவனா, தேத்தண்ணிக் கடையில நிண்டவனா? நனைஞ்சா காத்து காயவைக்கும். கழட்டு."

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு கழற்றினான். அவன் கையிலிருந்து வாங்கி, நானே ஆணியில் மாட்டினேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

முதல் ஒரு மணித்தியாலம் வீட்டுத் தோட்டங்கள். தேயிலை, கமுகு, கித்துல், பலா. மண் வழி, ஏலக்காய் வாசம். நான் எங்கே போனாலும் ஒரு இடத்தைக் கருவாடு காயுமா காயாதா என்றுதான் பார்ப்பேன். இங்கே இரண்டு நாள் மூன்று நாளில் காயும் என்று கணக்குப் போட்டேன். பிறகு தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கியது. அப்படி மரங்களை நான் கண்டதில்லை. கப்பல் பாய்மரம் மாதிரி நேரே மேலே போய் உச்சியில் மட்டும் இலை. கீழே வெளிச்சமில்லை, காற்று என்பது சுத்தமாக இல்லை. இங்கே ஒரு நெத்தலியைப் போட்டால் இரண்டாம் நாள் புழு என்றேன். மச்சான், "நம்மளப் போட்டா?" என்றான். அட்டைகள் காலில் ஏறின. என் இடுப்பு முடிச்சில் புத்தளத்து உப்பு இருந்தது. ஒரு சிட்டிகை வைத்ததும் சுருண்டு விழுந்தன. "பாத்தியா, கடக்கரையான் மூளை" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

மழை அங்கேதான் பிடித்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, காற்றுக்கூட இல்லை. இலைகளுக்கு மேலே எங்கோ இரைந்தது, பிறகு நேரே எங்கள் தலையில் ஒழுகியது. பத்து நிமிடத்தில் சாரம் காலோடு ஒட்டிக்கொண்டது. செருப்பு வழுக்கியது.

"ஒதுங்குவமா?" என்றான் மச்சான்.

"இங்க ஒதுங்கினா காத்தும் இல்ல, காயவும் மாட்டம். மேல ஏறு. மேல காத்து இரிக்கி. காத்துக்குப் போனா கால் மணித்தியாலத்துல காஞ்சிரும்."

அவன் ஏறினான். மேலே கிடக்கிற காற்றை நினைத்து நான் அவனை விரட்டினேன். நிற்கவிடவில்லை, சோறு தின்ன விடவில்லை. மேலே போய்க் காய்ந்துகொண்டு தின்போம் என்றேன்.

மரங்கள் கட்டையாகத் தொடங்கின. ஆளுயரத்தில் பன்னச் செடிகள், குடை மாதிரி. பிறகு மரங்களே முறுக்கிக்கொண்டு, கூன் விழுந்து நின்றன. எல்லாவற்றிலும் பாசி. தண்டில், கொப்பில், இலையில்கூடப் பாசி, தாடி மாதிரித் தொங்கியது. அந்த உயரத்தில் காற்று மெல்லத் தொடங்கியிருந்தது. தென்மேற்குக் காற்று, என் சோளகமேதான், மூக்கு பொய் சொல்லாது. ஆனால் பாசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். காற்று அடிக்கிற இடத்தில் ஏன் எல்லாம் ஈரமாக இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இரண்டு வழிகள் சேருகிற ஒரு சமதரையில், கழற்றிப்போட்ட கடைகளின் கம்புகள் மட்டும் நின்றன. ஒரே ஒரு கொட்டில் தார்ப்பாயால் மூடியிருந்தது. அதற்குள் ஒரு சிங்கள மனிதர், என் வயதுதான் இருக்கும், சீமெந்து மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தார். படி திருத்துகிற வேலைக்கு முதுகில் சீமெந்து சுமந்து வருகிறவர். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜேகெட் எங்க?"

"கீழ."

"அப்ப நீங்களும் கீழ போங்க."

"நாங்க கடக்கரை ஆக்கள். நனையிறது எங்களுக்குப் புதிசில்ல" என்றேன்.

அவர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். "அந்தாளுக்கு வாய் நீலமாகுது" என்றார். மச்சான் உடனே வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நான் நடந்தேன். அவன் பின்னால் வந்தான்.

கடைசிப் பகுதி படிகள், பக்கத்தில் இரும்புக் கம்பி. சிவப்புப் பூக்கள் படியெல்லாம் விழுந்து கிடந்தன. மரம் இடுப்பளவுக்கு வந்துவிட்டது, பிறகு அதுவும் இல்லை, பாறைதான். அங்கே ஒரு திருப்பத்தில் காற்று எங்களை அடித்தது. கற்பிட்டி முனையில் அடிக்கிற அதே அடி. நான் இரண்டு கையையும் விரித்து, "வந்திட்டுது!" என்று கத்தினேன். சேட்டுப் பொத்தானைக் கழற்றிக் காற்றுக்குக் காட்டினேன். அது காயும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

காயவில்லை. அந்தக் காற்றுக்குள்ளே தண்ணீர் இருந்தது. மேகம்தான் காற்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீச்சும் எங்களை இன்னும் நனைத்துவிட்டுப் போனது.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. நாலு பக்கமும் வெள்ளை. பாதம் இருக்கிற இடம் பூட்டியிருந்தது. வெளியே நின்று ஸலாம் சொன்னோம். அங்கே ஒரு மணி தொங்குகிறது, எத்தனை தரம் ஏறினோமோ அத்தனை தரம் அடிக்க வேண்டுமாம். நான் ஒரு தரம் ஓங்கி அடித்தேன், இரத்தினபுரிக் கடை வரைக்கும் கேட்கட்டும் என்று. மச்சான் கயிற்றைப் பிடித்தான், அது அவன் கையிலிருந்து வழுக்கியது. திரும்பப் பிடித்தான், வழுக்கியது. விரல் மடியவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் மீன் கிழிக்கிற விரல். நான் சிரித்தேன். "ஏன்டா, கயித்துக்கும் சவுக்காரம் பூசிட்டாங்களா?"

அவனும் சிரித்தான். பல் கிடுகிடுவென்று அடித்தது. சோற்றுப் பார்சலைப் பிரிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு, "பசியில்ல மச்சான், நீங்க தின்னுங்க" என்றான். நான் என்னுடையதைத் தின்றேன். பிறகு நான் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் விட மோசம். இறங்க முந்திக் கொஞ்சம் காயட்டும் என்று அவனைச் சுவருக்கு மறைவிலிருந்து எழுப்பி, காற்று வருகிற பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

"முதுகக் காத்துக்குக் காட்டு. இப்ப காஞ்சிரும்."

அரை மணித்தியாலம் உட்கார வைத்தேன். அவன் ஒரு தரமும் குளிருது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இறங்கத் தொடங்கியதும் அவன் நடை பிழைத்தது. படியில் காலை வைக்கத் தெரியாதவன் மாதிரி, இல்லாத படியில் மிதித்தான். பேச்சு குழறியது. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள்ளுத் தொடாதவன், கள்ளுக் குடித்தவன் மாதிரிப் பேசினான்.

"மச்சான், நங்கூரத்த எடுங்க. போட் இழுபடுது."

முதலில் பகிடி என்று நினைத்தேன். "எடுத்தாச்சு, நட" என்றேன்.

"எடுக்கல்ல. இழுபடுது. ராத்தா கரையில நிக்கிது."

திரும்பிப் பார்த்தேன். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். கொஞ்சத் தூரத்தில் அவன் உடம்பு நடுங்குவது நின்றது. பல் அடிப்பதும் நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். காய்ந்துவிட்டான், சுகமாகிறான் என்று நினைத்தேன்.

அவன் படியில் உட்கார்ந்தான். "கொஞ்சம் படுக்கிறன் மச்சான்."

"இங்கயா? எழும்பு."

"வேர்க்குது" என்று சேட்டைக் கழற்றப் பார்த்தான்.

அந்தக் காற்றில், அந்த மழையில், வேர்க்கிறதாம். நான் அவன் சேட்டுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டேன். அந்தக் குளிர் எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து மீனை எடுக்கும்போது கையில் படுகிற குளிர். நாற்பது வருடம் தொட்ட குளிர். உயிரோடு இருக்கிற எதிலும் அதை நான் தொட்டதில்லை.

அவனைத் தூக்கி முதுகில் போட்டேன். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் படிகளில் ஒருவனைச் சுமந்து இறங்க என் வயதில் எவனாலும் ஏலாது. ஆனால் அன்றைக்கு எனக்கு என் பலம் நினைவில்லை. அவன் தலை என் தோளில் கிடந்து ஆடியது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே இறங்கினேன், இடையில், "தூங்காத, தூங்கினா அடிப்பன்" என்று கத்தினேன். மனைவி வாசலில் நிற்பது, நான் லொறியிலிருந்து தனியாக இறங்குவது, அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது. இதுதான் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வந்தது.

தார்ப்பாய்க் கொட்டிலைக் கண்டதும் கத்தினேன். சீமெந்து சுமக்கிறவர் ஓடி வந்தார். மச்சானின் காலைப் பிடித்தார், இருவருமாக உள்ளே கொண்டுபோனோம்.

"நடுக்கம் நிண்டிட்டுது. கொஞ்சம் சுகம் போல" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எப்ப நிண்டிச்சு?"

"கொஞ்சம் முந்தி. அரை மணித்தியாலம் இரிக்கும்."

"ஐயோ மாத்தயா, அது நிக்கப்படாது! நடுங்கிறவன் பிழைப்பான். நடுக்கம் நிண்டாத்தான் பயம். கழட்டுங்க, எல்லாத்தையும் கழட்டுங்க."

நான் அவனைக் கொட்டிலின் வாசல் பக்கம் இழுத்தேன், காற்றுப் படட்டும் என்று. என் கை தானாகச் செய்தது. அவர் என் கையைத் தட்டிவிட்டார். "காத்துக்குக் கொண்டுபோறீங்களா? காத்துத்தான் இந்தாளக் கொல்லுது!"

நாற்பது வருடத்தில் என்னை அப்படி ஒருவரும் பேசியதில்லை. மச்சானின் ஈரச் சேட்டை, பெனியனை, சாரத்தைக் கழற்றினோம். அவர் காய்ந்த சாக்குகளை விரித்தார், இடுப்பில் ஒன்றைச் சுற்றினார். பொலித்தீன் விரிப்பு ஒன்று, ஒரு பழைய கம்பளி. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் கழட்டுங்க. உள்ள போய்க் கட்டிப் பிடிங்க. தோலோட தோல் படணும்."

"நானா?"

"வேற ஆர்? அந்த வயிறு இண்டைக்குத்தான் வேலைக்கு வரும்."

இரண்டு தாடிக்காரர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். வெட்கம் ஒரு நொடி வந்தது, போய்விட்டது. இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, அவன் முதுகை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தேன். எலும்பு எலும்பாகக் குத்தியது. அந்தக் குளிர் என் வயிற்றுக்குள் இறங்கி என் மூச்சை நிறுத்தியது. அவர் எங்களுக்கு மேலே கம்பளியும் பொலித்தீனும் போட்டு, ஓரங்களில் சீமெந்து மூட்டையை முட்டுக் கொடுத்தார். கால் கையைத் தேய்க்கப் போனேன். தேய்க்காதே, பிடித்துக்கொண்டு மட்டும் கிட என்றார். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். தேத்தண்ணீரை வாயில் ஊற்றுவோமா என்று கேட்டேன். விழுங்க மாட்டார், நெஞ்சுக்குள் போகும், பொறுங்கள் என்றார்.

பொறுத்தேன். என் வாழ்க்கையில் ஒரு ஆளுக்கு நடுக்கம் வரட்டும் என்று காத்துக்கிடந்தது அன்றைக்கு மட்டும்தான். காற்று தார்ப்பாயை அறைந்தது. அவன் மூச்சு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று என் நெஞ்சால் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று வந்து மற்றது வரும் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

"கதைச்சிக்கொண்டே இருங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார் அவர்.

கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "டேய், நம்மட வாடியில எத்தின தட்டு இரிக்கி, செல்லு?"

நெடுநேரம் கழித்து, "ராத்தாக்கிட்ட கேளுங்க" என்றான். வாய்க்குள்ளேயே சொன்னான்.

"அவளுக்கென்ன தெரியும்? நீ செல்லு. நான்தான் உன்ட ஜேகெட்டக் கழட்டினன். எழும்பி எனக்கு அடி. கேக்குதா? எழும்பி அடிடா."

அவர் கொட்டிலின் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தமிழ் தெரியாதவர். ஆனால் என் குரல் அவருக்கு விளங்கியிருக்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேத்தண்ணீர் இரண்டு தரம் கொதித்து ஆறியது. முதலில் அவன் தாடையில் ஒரு சின்னத் துடிப்பு. தூக்கத்தில் பல் கடிக்கிறான் என்று நினைத்தேன். பிறகு தோள். பிறகு கால் உதறி என் முழங்காலில் ஒரு உதை விழுந்தது. அதோடு முழு உடம்பும் பிடித்துக்கொண்டது. போட் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறபோது பலகையெல்லாம் அதிருமே, அப்படி. அவன் பல் அடிக்கிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. அவனோடு சேர்ந்து நானும் நடுங்கினேன்.

"நடுங்குறான்! நடுங்குறான்!" என்று சிங்களத்தில் கத்தினேன்.

"கு... குளிருது மச்சான்" என்றான்.

"குளிருதாடா? இன்னொருக்காச் செல்லு."

"குளிருது எண்டுறனே. இதென்ன, ஏன் என்னைக் கட்டிப் பிடிச்சிக்கொண்டு படுத்திருக்கீங்க?"

சீமெந்துக்காரர் முழங்காலில் அறைந்துகொண்டு சிரித்தார். கித்துல் கருப்பட்டித் துண்டையும் சூடான பிளேன்டீயையும் கொடுத்தார். மச்சான் கோப்பையைத் தன் கையால் பிடித்தான், பாதி நெஞ்சில் ஊற்றிக்கொண்டான், மீதியைக் குடித்தான். நான் எழும்பவில்லை.

மழை குறைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மச்சானுக்குச் சீமெந்துக்காரரின் கால்சட்டை, அதற்கு மேலே தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிய சாக்கு, அதற்கு மேலே பொலித்தீன். எனக்குச் சாக்கு மட்டும். பெரிய மரங்கள் தொடங்குகிற இடம் வரைக்கும் அவர் கூட வந்தார். நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று என் கையிலேயே திரும்பக் கட்டிவிட்டார். "அடுத்த தரம் சீசனுக்கு வாங்க" என்றார். நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அவர் திரும்பி ஏறிப் போய்விட்டார்.

காட்டுக்குள் காற்றில்லை. இந்த முறை அது நல்லதாகத் தெரிந்தது. வழியில் நான் எப்போதும் முன்னால் போகிறவன். அன்றைக்கு மச்சானை முன்னால் விட்டு, அவன் நடைக்கு நடந்தேன். அவன் குதிகாலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"ராத்தாக்கிட்ட என்ன செல்லப் போறீங்க?" என்று திரும்பாமலே கேட்டான்.

"உள்ளத."

"உள்ளத எண்டா?"

"நான் கழட்டச் சென்னன். காத்துல இருத்தினதும் நான்."

அவன் கொஞ்சத் தூரம் நடந்தான். பரவாயில்லை என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்லாதது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. நல்ல புத்தியோடுதான் இருக்கிறான் என்று தெரிந்தது.

"குளிருதா?" என்றேன்.

"இல்ல."

வழியோர ஓடைக்குப் பக்கமாகப் பத்து எட்டு நடந்தோம்.

"இப்ப?"

"இல்ல மச்சான்."

இன்னும் பத்து எட்டு.

"கை காட்டு, தொட்டுப் பாக்கிறன்."

அவன் நின்றான். சாக்கும் பொலித்தீனுமாக, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரித் திரும்பினான். "இன்னொருக்காக் கேட்டீங்களெண்டா, இந்த ஓடையில தள்ளி உட்டுப் போடுவன்."

"தள்ளு" என்றேன். கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. பத்து எட்டு நடக்க விட்டு, திரும்பவும் கேட்டேன்.